சேனைக்கு முன்னால் குழாய்

4-8-53, செவ்வாய்
தூறல். சாமுண்டி மலையே தெரியவில்லை. ஜட்காவில் ஆஸ்பத்திரி. மூத்தவளைக் கட்டிக்கொடுத்த பிறகு எனக்கு எட்டாம் மாதம், வெட்கக்கேடு. வயிறு பத்து மாதத்தையும் தாண்டியாயிற்று. படுத்தால் மூச்சு முட்டல். தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "ரெட்டையா?" "இல்லம்மா, கண்ணம்பாடி அணை" என்றேன்.

லேடி டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளை ஒன்றுதான், பனிக்குடத்தில் நீர் அதிகம். இங்கேயே படுக்கை. "உள்ள இருக்கற புள்ள அந்த நீரைக் குடிக்கும்மா. சிலதுக்குத் தொண்டைக்குழாய் அடைச்சிருக்கும், குடிக்க முடியாது. அதனாலயும் நீர் சேரும். பொறந்ததும் நான் குழாய் விட்டுப் பார்க்கற வரைக்கும் வாயில ஒரு சொட்டு விடக்கூடாது. மார்ல ஏறிடும்."

இரவு உப்பில்லாத கஞ்சி. தூ.

5-8, புதன்
வீட்டுக்காரரின் அக்கா வந்தாள். வந்ததும் என் கூஜாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "வயித்துல இவ்வளவு தண்ணி, இன்னும் குடிக்கிறியே ஸ்டெல்லா!"

கன்னடத்து நர்ஸ்: "சும்னே இரும்மா. குடிக்கிற தண்ணி வேற, அந்தத் தண்ணி வேற."

கேட்டால்தானே. நாக்கு வறண்டு கிடந்தேன். மத்தியானம் வயிற்றில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் இறக்கினார்கள். அப்பாடா, மூச்சு.

அடுத்த தலைவலி, பிறந்த பிள்ளை நாக்கில் முதலில் தொட்டுவைக்கும் சீனித்தண்ணீர். "சேனை நான்தான் வைப்பேன். அத்தை உரிமை."

"டாக்டர் வேண்டாங்கறாங்க அண்ணி."

"என் கையால சீனித்தண்ணி நக்கின நாலும் நல்லாத்தானே இருக்கு?"

"நாலும் உங்களாட்டம் வாயாடுதே, அதான் பயம்."

கோபம். எனக்கு வாங்கிய ஆரஞ்சையெல்லாம் உரித்துத் தின்றுவிட்டுப் போனாள்.

22-8, சனி
காலையில் பிறந்தது. பெண். சின்னது, குரல் பெரியது. வாயோரம் நுரை. தொண்டை அடைப்புதானோ? டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

டாக்டரம்மா அடுத்த அறைப் பிரசவத்தில். நர்ஸ் கூப்பிடப் போனாள். அந்த நேரம் பார்த்து அண்ணி, கரண்டியோடு. "பசியில கத்துது பாரு! கல்நெஞ்சுக்காரி, குடுடி இங்க."

"மாட்டேன்."

பிள்ளையை மார்போடு திருப்பிக்கொண்டேன். சீனித்தண்ணீர் முழுக்க என் தோளில். வார்டே வேடிக்கை பார்த்தது.

டாக்டரம்மா வந்தார். ரப்பர் குழாய், நூல் மாதிரி. போயிற்று. இன்னும் போயிற்று. நான் ஜெபத்தைப் பாதியில் மறந்தேன்.

"வயிறு வரைக்கும் போயிடுச்சும்மா. அடைப்பு இல்ல. இனி பால் குடு."

அழுதுவிட்டேன். "இப்ப வைங்க அண்ணி" என்றேன், நிஜமாகவே.

"டாக்டரையே வெக்கச் சொல்லு." வராந்தாவில் போய் நின்றுகொண்டாள்.

கெஞ்சியாயிற்று. வரமாட்டாளாம். பிள்ளை கத்துகிறது. தோளில் எறும்பு.