சேகர் தளர்த்திய லீவர்

செவ்வாய்க்கிழமை. மழை இல்லை.

செம்பனைக் குலைகளைக் கவ்வித் தூக்கும் என் சின்ன டிராக்டரில் இன்று சேகர் கை வைத்துவிட்டான். மாசாய் டவுனில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, போன மாதம்தான் எங்கள் பாலோ தோட்டத்துக்கு வந்தவன். நான் சாப்பிடப் போன நேரத்தில் கிராப்பர் லீவரின் கேபிளைக் கழற்றி, கிரீஸ் போட்டு, நட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறான். இத்தனை வருஷமாக நான் தோளையே கொடுத்து இழுத்த லீவர், இப்போது இரண்டு விரலுக்கு அசைகிறது. ஹைட்ராலிக் கை ஆட்டமே இல்லாமல் மேலே போகிறது.

"யாரக் கேட்டு கை வச்சே?" என்றேன்.

"நீங்க தோளப் பிடிச்சிட்டே நிக்கிறதப் பாத்தேண்ணே. அதான்," என்றான்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேறு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "இத எப்பவோ செஞ்சிருக்கலாம் லா," என்றார். அவர் போனதும் வேண்டுமென்றே லீவரை முரட்டுத்தனமாக இழுத்துப் பார்த்தேன். அது கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. தினமும் என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடும் என் மனைவி வள்ளி, புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சேகர் சரி பண்ணிட்டாராமே. இனிமே இது வேணாம்ல?"

இவள் வாயிலும் அவன் பேர்தான்.

உண்மையில் வலி இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் இல்லை.

"இன்னிக்குத்தான் ரொம்ப வலிக்குது," என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினேன்.