நம் இரண்டு வீடுகளின் உயரம்

அக்கா, இன்று வேலியோரம் புல் வெட்டும்போது சர்வேயர் அடித்துவிட்டுப் போன மரமுளை தட்டுப்பட்டது. அதன் இளஞ்சிவப்பு நிறம் இன்னும் போகவில்லை. பிடுங்க மனம் வராமல் சுற்றி வெட்டினேன்.

ஹென்டர்சனில் அடுத்தடுத்து இருந்த நம் வீடுகள் இரண்டையும் கவுன்சிலின் வெள்ள வரைபடம், தண்ணீர் ஏறும் இடங்களைக் காட்டும் நீலத்துக்குள் வைத்தபோது நான் பயந்துபோனேன். உங்களுக்குத்தான் பெரிய இழப்பு. வீட்டை விற்றுவிட்டு சிட்னியில் மகளோடு இருக்க நினைத்திருந்தீர்கள். வாங்க வந்தவர்கள் அந்த நீலத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். ஆனால் உங்கள் யோசனை வேறெங்கோ இருந்தது.

"என் வாசல்ல நின்னா உங்க கூரையே தெரியுது. தண்ணி மட்டும் எப்படிங்க ரெண்டு வீட்லயும் ஒண்ணா ஏறும்?"

மழை பெய்த ஒரு மதியம் குடையோடு தெருவில் இறங்கினீர்கள். நானும் வந்தேன். தண்ணீர் உங்கள் வாசலை விட்டு விலகி என் பக்கம் திரும்பியது.

"ஏன் அக்கா இங்கால வருது?"

"அதைத்தான் அளந்து பாக்கணும்."

கவுன்சிலில் கேட்டு வாங்கிய உங்கள் வீட்டின் பழைய கட்டட வரைபடத்தில் தரையின் உயரம் இருந்தது. அதைச் சரிபார்க்கச் சர்வேயரை அழைத்தபோது, என் வீட்டையும் அளக்கலாமா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன்.

உங்கள் தரை, வெள்ளம் ஏறக்கூடும் என்று கவுன்சில் கணித்த மட்டத்துக்கு நன்றாக மேலே இருந்தது. என் வீட்டின் கீழ் அறை அதற்குக் கீழே. உங்கள் வீடு தப்பிய மகிழ்ச்சியில் சிரிப்பீர்கள் என்று முகத்தைப் பார்த்தேன்.

"உங்க பிள்ளைங்க எந்த ரூம்ல தூங்குறாங்க?" என்றீர்கள்.

"கீழ் அறையில."

அன்றே இருவருமாகக் கட்டில்களை மேலே ஏற்றினோம்.

அளவுகளைக் காட்டி, வரைபடத்தைத் திருத்தும்படி கேட்டீர்கள். கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்த்தார். சில மாதங்களில் நீலக் கோடு உங்கள் வீட்டைத் தொடாமல் பின்வளவோடு நின்றுவிட்டது. வீட்டை வாங்க ஆளும் வந்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும், "நேத்து மழையில உங்க பக்கம் எதுவரைக்கும் வந்துச்சு?" என்றுதான் கேட்டீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த குளிர்காலத்தில் தண்ணீர் கீழ் அறைக்குள்ளேயே வந்தது. பிள்ளைகள் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மூத்தவளுக்கு ஏவன்டேலில் வாடகை வீடு தேடுகிறோம். அவள் உள்ளே குசினியில் அடுப்பைப் பார்க்க, நான் வெளியே குனிந்து நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

"தண்ணி எங்கால போகும் எண்டு பாக்கிறன்."

போன வாரம் அவளும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.