பத்து வாட்

ஞாயிறு

என் பழைய ஹாம் ரேடியோ செட் நூறு வாட் அனுப்பும். ஒரு வாரமாகப் பத்தைத் தாண்டவில்லை. கடைசியாக அதைத் திறந்து துடைத்தவர் ஹாம் நண்பர் சேவூர் பழனிசாமி. அவர்தான் கெடுத்தார் என்று, நண்பர்கள் எல்லோரும் கேட்கும் அலைவரிசையிலேயே திட்டிவிட்டேன்.

இன்று ஆன்டெனாவுக்குப் பதில், செட்டை மட்டும் தனியாகச் சோதிக்கும் டம்மி லோடு மாட்டினேன். முழு நூறு வாட். செட்டில் பழுதே இல்லை.

மாடிக்கு ஓடினேன். ஆன்டெனா கம்பியில், சாயம் நிற்கிறதா என்று பார்க்க அலசிப் போட்ட எங்கள் பனியன் கம்பெனி சாம்பிள்கள். பாரத்தில் கம்பி தொய்ந்து தகரக் கூரையில் கிடந்தது. அனுப்பிய பவர் செட்டுக்கே திரும்பி வர, அது தன்னைக் காத்துக்கொள்ளப் பவரைக் குறைத்திருக்கிறது.

“கம்பி சும்மாதானுங்க இருந்துச்சு. ஒரு வாரமா அதுலதான் காயப் போடறேன்,” என்றாள் மனைவி.

கம்பியை இழுத்துக் கட்டிவிட்டேன். நாளை பழனிசாமியிடம் அதே அலைவரிசையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். திட்டியது பத்து வாட்டில். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. மன்னிப்பு நூறு வாட்டில் போகும்.