ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நேர்முகப் பரீட்சை

சிவமயம்

திருகோணமலை
16.06.2024

அன்புள்ள மகள் தனுஷிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், வீட்டில் ஒரு குறையும் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்பதை மருமகன் போனுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன், உன் வாயால் கேட்டு இன்றைக்கு இருபத்திரண்டு நாளாகிறது. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் நீ அரைவாசியில் வெட்டி உன் விஷயத்தைச் சொல்லுவாய், பிறகு கனடாவில் என்ன குளிர் என்பதோடு கதை முடிந்துவிடும். கடிதத்தில் அது ஏலாது, நான் எழுதி முடிக்கும்வரை நீ பேசாமல் இருக்கத்தான் வேண்டும். எனக்குக் கோபம் இருக்கிறது பிள்ளை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

சித்திரை வருஷம் கழிந்த கிழமை உனக்குச் சொன்னேன், துறைமுகப் பக்கம் எங்கள் மீனவர் சங்கத்து றேடியோ அறைக்கு ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள், கடலில் நிற்கிற படகுகளோடு கதைத்து, காற்று மழைச் செய்தி சொல்லி, அவர்கள் சொல்வதை எழுதி வைக்கிற வேலை, வயது ஐம்பத்தைந்துக்குள் இருந்தால் காணும், தமிழும் சிங்களமும் கதைக்கத் தெரியவேண்டும், நானும் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்று. நீ சிரித்தாய். "அம்மா, ஐம்பத்திரண்டு வயதில இன்ரவியூவோ, உங்களை ஆர் எடுக்கப் போகினம், காசு காணாட்டில் சொல்லுங்கோ நான் அனுப்புறன்" என்றாய். நான் காசைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு, மகள் வெளிநாட்டில் இருக்கத் தாய் வேலைக்குப் போகிறா என்று சனம் கதைக்கும் என்றாய். எந்தச் சனம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உன் வேலையே அந்தக் கொம்பனிக்கு ஆள் எடுக்கிறதுதானே. முன்பின் தெரியாதவர்களை நாள் முழுக்க முன்னால் இருத்தி, இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும் என்று கேட்கிறாய். அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுகிறேன்.

2017 மார்கழியில், நீ கனடா போன முதல் வருஷம், அப்பாவின் படகு எஞ்சின் நின்று நாலு நாள் கடலில் இழுபட்டது. உனக்கு அப்போது படிப்பில் சோதனை, அதனால் சொல்லவில்லை, பிறகும் சொல்ல மனம் வரவில்லை. அந்த நாலு நாளும் நான் றேடியோ அறையின் யன்னலுக்கு வெளியேதான் நின்றேன். உள்ளே இருந்த மனிசன் தலையைத் திருப்பாமலே "ஒரு செய்தியும் இல்லை, வீட்ட போங்கோ" என்றான். அப்பா கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் நாள் பின்னேரமே வேறொரு படகுக்காரர் அப்பாவின் பேரைச் சொல்லி, வல்லிபுரத்தின் படகைக் கண்டோம், ஆட்கள் உயிரோடு நிற்கிறார்கள் என்று செய்தி சொல்லியிருக்கிறார். அந்த மனிசன் அதை எழுதவும் இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலிலும் மழையிலும் நின்றேன். அன்றைக்குத்தான் இந்தக் கதிரையில் நான் இருந்தால் என்ன என்று முதன்முதல் நினைத்தேன். அப்பா கண் மங்கிக் கடலை விட்டு இரண்டு வருஷமாகியும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

விண்ணப்பம் போடவே சீவன் போய்விட்டது. பிறப்புப் பத்திரத்தில் நான் பத்மாசனி, ஓ.எல். சான்றிதழில் பத்மாசினி. ‘ச’வுக்கு மேல் ஒரு விசிறி கூடி ‘சி’ ஆகிப் போனதற்காக மூன்று நாள் கந்தோர் கந்தோராக அலைந்தேன். சத்தியக் கடதாசி கொண்டு வா என்றார்கள், கொண்டு போனால் சமாதான நீதவானின் முத்திரை மங்கலாக இருக்கிறதாம், திரும்பக் குத்திக்கொண்டு வரட்டாம். சமாதான நீதவான் கிளிவெட்டிக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார். பஸ் நிலையத்தடியில் நின்று அழுதேன், பக்கத்தில் நின்ற மனிசி நான் எதையோ துலைத்துவிட்டேன் என்று நினைத்து நிலத்தைத் தேடத் தொடங்கிவிட்டா. கடைசி நாள் கந்தோர் பூட்டப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓட்டோவில் போய் இறங்கிக் கொடுத்தேன். இவ்வளவும் நடந்த கிழமையில் நீ போன் எடுத்து, முருங்கைக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு விடுகிறது என்று கேட்டாய். நானும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ஷிஃபானா ரீச்சர்தான் எனக்குக் கைகொடுத்தா. அவ பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிறவ. பின்னேரத்தில் வந்து குசினியில் இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு, தானே சங்கத் தலைவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பா. எனக்குச் சந்தைச் சிங்களம் வரும், ஆனால் காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் சந்தையில் யார் கதைக்கிறார்கள். அப்பா முதலில் "உனக்கேன் இந்தத் தலையிடி" என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அவராகவே ஒரு வெறும் பிஸ்கற் தகரப் பேணியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, பேணிக்குள் வாயை வைத்துக் கடலில் இருந்து கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். படகு நிற்கிற இடத்தின் இலக்கங்களை அவர் வேகமாகச் சொல்ல நான் கதவுக்கு இங்கால இருந்து எழுதவேண்டும். நான் பிழைவிட்டால் உள்ளே இருந்து "ஆள் கடலுக்குள்ள தாண்டிட்டுது" என்பார். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், சிரிப்பும் வந்தது.

வைகாசி இருபத்தொன்று நேர்முகப் பரீட்சை. ஏழு பேர் வந்திருந்தார்கள், என்னைத் தவிர எல்லாரும் உன் வயதுக்காரர். ஒரு பிள்ளை மிக மரியாதையாக "அன்ரி, உங்கட மகளோ உள்ளுக்குப் போயிருக்கிறா" என்று கேட்டது. உள்ளே மூன்று பேர், தலைவர் ஸைனுலாப்தீன் ஐயா, செயலாளர் கஜந்தி, கொழும்பில் இருந்து வந்த ஒரு சிங்கள அதிகாரி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பதினைந்து நாள் பாடமாக்கினது அவ்வளவும் எங்கேயோ போய்விட்டது மகள், பேரைச் சொன்னதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. கஜந்தி எழும்பி ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தா. பிறகு ஒரு பதிவைப் போட்டு, கேட்டதை எழுதச் சொன்னார்கள். ஒரே இரைச்சல், தமிழும் சிங்களமும் கலந்து ஒருவர் அவசரமாகக் கதைக்கிறார், எஞ்சின் பழுது, ஐந்து பேர், ஒருவருக்குக் கையில் காயம், நிற்கிற இடம் இன்னது. எல்லாம் எழுதினேன், இடத்தின் கடைசி இலக்கம் மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். ஸைனுலாப்தீன் ஐயா தாளைப் பார்த்துவிட்டு "மற்ற எல்லாரும் எழுதியிருக்கினம், நீங்கள் ஏன் எழுதேல்லை" என்றார். "விளங்கேல்லை ஐயா. நினைச்சு எழுதினால் தேடப் போறவை பிழையான இடத்துக்குப் போவினம். றேடியோ செற்றில எண்டால் திரும்பக் கேட்டிருப்பன்" என்று சொன்னேன். அவர் சிங்கள அதிகாரியைப் பார்த்தார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்த இலக்கத்தின் மேல் அவர்கள் வேண்டுமென்றே இரைச்சலைப் போட்டிருக்கிறார்கள், அது யாருக்கும் கேட்டிருக்க முடியாது.

நாலாம் நாள் சங்கத்தில் இருந்து போன் எடுத்து, வேலை எனக்குத்தான் என்று சொன்னார்கள். நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு முதல் உனக்குத்தான் எடுத்தேன், அப்பாவுக்குக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன். நீ "ஓ, அப்படியா, ஓகே அம்மா, எனக்கு மீற்றிங் ஒண்டு" என்று வைத்துவிட்டாய். அதோடு சரி. மீற்றிங் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இருபத்திரண்டு நாள் மீற்றிங் எந்த நாட்டிலும் இல்லை. எனக்குத் தெரியும், நான் வேலைக்குப் போனால் நீ அங்கே உழைப்பது எங்களுக்குக் காணாது என்று ஆகிவிடும் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை பிள்ளை. நீ செய்தது எல்லாம் எங்கள் மனதில் இருக்கிறது. ஆனால் நீ எங்களைப் பார்க்கிறாய் என்பதற்காக நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவேண்டும் என்றில்லை.

மூன்றாம் திகதி தொடங்கினேன். சுகமான வேலை என்று பொய் சொல்லமாட்டேன். காற்றாடி சுற்றாது, காதில் போடுகிறது ஒரு பக்கம் கேட்காது, எனக்கு முன்னம் இரவு முறைக்கு இருக்கிற ஆள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் செய்தி எழுதுகிற கொப்பியின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறார், இரண்டு தரம் சொல்லிவிட்டேன், மூன்றாம் தரம் கோப்பையை ஒளித்து வைக்கப் போகிறேன். போன கிழமை றிகாஸ் என்கிற படகோட்டி கூப்பிட்டு என் குரலைக் கேட்டதும் "ஆம்பிளை ஆரையும் கூப்பிடுங்கோ" என்றார். "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை, நீங்கள் நிக்கிற இடத்தைச் சொல்லுங்கோ" என்றேன். பிறகு சொன்னார். நேற்று அவரே "அக்கா, காற்று எப்பிடி" என்று கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனையும் விடியச் சாப்பிடாமல் போகவிடாதே, படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறார். உன் முன்னால் ஒருவர் வந்திருந்து பேரைச் சொன்னதோடு வாயடைத்துப் போனால், கெட்டிக்காரர் இல்லை என்று எழுதிவிடாமல் தண்ணீர் கொடுத்துப் பார். பத்திரகாளி அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. நீ வழக்கமாகப் போன் எடுக்கிற நேரத்தில் இனி நான் வீட்டில் இருக்கமாட்டேன், எனக்குக் காலமை ஆறில் இருந்து இரண்டு மணிவரை வேலை. ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமை எடு. நீ எடுக்காவிட்டால் நான் எடுப்பேன். ஒரு படகு பதில் சொல்லாவிட்டால் சொல்லும்வரை கூப்பிடு என்றுதான் எனக்கு அங்கே முதல் நாள் சொல்லித் தந்தார்கள்.

இப்படிக்கு
உன்மேல் கோபமும் அன்பும் உள்ள
அம்மா
வ. பத்மாசனி