பாப்பாவின் நீலச் சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. வெள்ளிக்கிழமைக்குள் இதை நீ படித்தாக வேண்டும்.

பாப்பாவின் துணிகளை விற்றது நான்தான். "புதுசு வேணாண்ணே, பசங்க போட்டுப் பழகினதா குடுங்க" என்று டிவி தொடர்க்காரர்கள் நம் துணிக்கடைக்கு வந்தார்கள். பீரோவில் சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்துவிட்டேன். வியாபாரி புத்தி.

திருடுகிறவன், வீட்டை விட்டு ஓடுகிறவன் என்று ஆறு பிள்ளைகள் வரும் தொடர். "இதுங்களப் பெத்தவங்க என்ன பாவம் பண்ணாங்களோ" என்று நீ சிரிப்பாயே, அதுதான். அதில் யாரோடும் பேசாத பெண் பாப்பாவின் நீலச் சட்டையில் வந்த அன்றுதான் நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய்.

சட்டையைத் திருப்பி வாங்க நேற்று படப்பிடிப்புக்குப் போனேன். அந்தச் சட்டையின் காலரைப் பல்லில் கடித்தபடி, பாப்பா நிற்பது போலவே அந்தப் பெண் நின்றாள். நடிப்புக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் நான் போகாம இருக்கட்டுமா?" என்றாள்.

"வசனத்துலயே இல்லையேம்மா, எங்கேருந்து புடிச்சே?" என்றார் டைரக்டர்.

"தெரியல சார். தானா வந்துடுச்சு."

நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாகும். நான் சட்டையைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

விபத்தில் பாப்பாவைப் பறிகொடுத்த அன்று அவள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூட பஸ் ஏறினாள் என்று உன்னிடம் சொன்னது பொய். கடை வாசலில் நின்று, இதே வார்த்தைகளில் என்னைக் கேட்டாள். பக்கத்தில் யாருமே இல்லை.

என் பதில் தொடரில் வராது. அதை நானே சொல்லிவிடுகிறேன்: "சரக்கு இறங்குது, படுத்தாம கிளம்பு."

உன் வீட்டுக்காரன்