அக்காவின் இளைப்பு

இலஞ்சி, ஆடி 12

இன்று பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகவில்லை. காலையில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாக நெல் அவித்த புகை அவள் நெஞ்சில் இருக்கிறது. இருமலும் இளைப்பும் புதிதல்ல. ஆனால் இன்று, "படுக்க... முடியலட்டி" என்று சொல்வதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். எப்போதும் வெள்ளையாக வரும் சளி பச்சையாக இருந்தது.

"சாரல் விழுந்தா வருசா வருசம் இழுக்கத்தான் செய்யுது. நாலு நாள் பார்ப்போம்," என்றார் அத்தான்.

போன வருஷமும் இதையேதான் சொன்னார். உதடு நீலம் பாரித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இது வழக்கமான இழுப்பு இல்ல அத்தான். நீங்க வராட்டாலும் நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. வண்டி வந்ததும் அவரும் ஏறிக்கொண்டார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அக்காவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். "சளி நிறம் மாறினாலும், வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலும் அன்னைக்கே வந்திரணும். நீலம் பாரிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது," என்று டாக்டர் அத்தானைப் பார்த்தே சொன்னார்.

சாயங்காலம் அக்கா கொஞ்சம் கஞ்சி குடித்தாள். "ஏட்டி, செத்துருவேன்னு பயந்துட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ராத்திரி ஆஸ்பத்திரியில் அத்தான் துணைக்கு இருக்கிறார். நெல் அவிக்கிற அடுப்படிக்கு இனி அக்காவை விடக்கூடாது. கோபித்துக்கொண்டாலும் சரி, நாளைக்கே அவரிடம் அதைப் பேசிவிடுவேன்.