மூன்றாவது தூணுக்கு அடியில்

என் மல்லிகா அக்காவுக்கு, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கம் எல்லோருக்கும் ஜெராக்ஸ் அக்காவாக இருந்தவளுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திதி முடிந்த பிறகுதான் உன் கடையை ஒழித்தேன். அதுவரை ஷட்டரைத் தூக்கவே மனம் வரவில்லை. மெஷினை எனக்குத் தெரிந்தவர் ஒருவர் எடுத்துப்போனார். மேசை இழுப்பறையில் இருந்த காகிதக் கட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

எந்தக் கட்டு என்று உனக்குத் தெரியும். சரியாக விழாத ஜெராக்ஸ் தாள்கள். முன்பக்கம் யாருடைய ரேஷன் கார்டோ பாதி கறுப்பாக இருக்கும். பின்பக்கம் நீ ஊர் சுற்றப் போட்ட திட்டம் இருக்கும். ஆதிச்சநல்லூர், ஹம்பி, லோத்தல், அனுராதபுரம், அங்கோர்வாட், எகிப்து என்று மொத்தம் பதினோரு ஊர். எந்த மாதம் வெயில் குறைவு, எங்கே இறங்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறாய். மகாபலிபுரத்தைத் தாண்டிப் போகாதவள் நீ.

எல்லாத் தாளிலும் 'ஆட்கள்: இரண்டு' என்று போட்டிருக்கிறாய். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவளுக்கு இரண்டாவது ஆள் யார்? எகிப்துத் தாளின் ஓரத்தில் பதில் கிடைத்தது. 'தம்பிக்கு ரொட்டி ஒத்துக்காது, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கணும்.' அதைப் படித்துவிட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்தால் உனக்கு வேலை ஓடாது. எல்லாப் பக்கத்தையும் திருப்பி முத்திரைகளைப் பார்ப்பாய். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். "முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும்மா" என்றார். நீ விடவில்லை.

"கெய்ரோ போயிட்டு வந்தீங்களா சார்? மியூசியம் பார்த்தீங்களா?"

"பையன் அங்க வேலை செய்யறான்மா. பேரனைப் பார்த்துக்கப் போனோம். எங்க வெளிய போக டைம்?"

அவர் போன பிறகு அரைமணி நேரம் புலம்பித் தள்ளினாய். ஆனால் ராஜாக்களின் மீது உனக்குப் பெரிய மோகம் கிடையாது. "ராஜா எங்க படுத்தான்னு எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்கடா. சாதாரண ஆளு எதுல கஞ்சி குடிச்சான்? எனக்கு அதைப் பார்க்கணும்" என்பாய். அதனால்தான் பட்டியலில் முதல் இடம் ஆதிச்சநல்லூருக்கு. முதுமக்கள் தாழி, அதற்குள் இறந்தவர்களோடு வைத்துப் புதைத்த கிண்ணங்கள், சட்டிகள். தாம்பரத்தில் ரயில் ஏறினால் விடியும்போது திருநெல்வேலி.

டிக்கெட்கூட எடுத்தாய், உனக்கும் எனக்கும். அதே வாரம், அப்பாவின் பழைய வீடு இருந்த நம் செம்பாக்கம் மனையில் புது வீட்டுக்குத் தூண் குழி தோண்ட மேஸ்திரி நாள் குறித்துவிட்டார். "அடுத்த மாசம் போலாம்க்கா, தாழி எங்க ஓடிடப் போகுது?" என்றேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கடையைத் திறக்கப் போனாய்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

குழி தோண்டிய அன்று மத்தியானம் மூன்றாவது குழியில் பொக்லைன் நின்றுவிட்டது. அதை ஓட்டியவர் இறங்கி வந்தார்.

"சார், உள்ள பெரிய பானை ஒண்ணு கீது சார். எலும்பு மாதிரி இன்னாவோ கீது."

குனிந்து பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு தாழி, ஒருபக்கம் உடைந்து நின்றது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பிக்க முடியாது அக்கா. உன் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன், பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. மேஸ்திரி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய தெரிஞ்சா பேஜார் சார். வேலைய நிறுத்திடுவாங்க. அப்பால எடம் நம்முளுதா அவங்குளுதான்னு அலைஞ்சிகினு இருக்கணும்."

அப்பா உழுத நிலத்தில் மிச்சம் இருந்ததே இந்த மனையும் பின்மனையும்தான். இதுவும் போய்விடுமோ என்று பயந்தேன். பயம் என்ன பயம், ஆசைதான். "எடுத்துப் போடுங்க" என்றேன். பொக்லைன் கை ஒரு தடவை இறங்கி ஏறியது. தாழி ஓடு ஓடாகிவிட்டது. மறுநாள் அதே குழியில் கான்கிரீட் போட்டோம்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு நீ வந்தாய். ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவள் மூன்றாவதில் நின்றாய்.

"இங்க மட்டும் ஏன்டா மண்ணு கறுப்பா இருக்கு?"

"பழைய எருக்குழிக்கா."

"எருக்குழி பழைய வீட்டுக்குப் பின்னாடி இல்ல இருந்துது?"

"உனக்கு ஞாபகம் இல்ல. இங்கதான்."

என் முகத்தைப் பார்த்தாய். பிறகு "வயசாயிடுச்சு போல எனக்கு" என்று சிரித்தாய். தாழியை உடைத்ததைவிட அதுதான் அக்கா நான் செய்ததிலேயே மோசம்.

உடைசலுக்கு நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் முழுசாகக் கிடைத்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கழுவி, பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன். எங்கோ வாங்கினேன் என்று சொல்லி உன் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். எங்கே வாங்கினாய் என்று நீ குடைவாய், உன்னிடம் பொய் நிற்காது. அடுத்த பிறந்தநாள், அடுத்த பிறந்தநாள் என்று நான்கு போய்விட்டன.

இதற்குள் வீடு முடிந்து நீ மாடிக்குக் குடிவந்தாய். கீழே அத்தனை இடம் இருக்க, தினமும் ஸ்கூட்டரை மூன்றாவது தூணை ஒட்டித்தான் நிறுத்துவாய். வேறு இடம் காட்டிப் பார்த்தேன். "இங்கதான்டா சாரல் படாது" என்றாய். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பிறகு ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்றாய். குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில், வண்டிக்குள் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? என் முகத்திலேயே விழிக்காதே என்றிருப்பாயா? இல்லை, எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தைக் காட்டு என்றிருப்பாயா?

இப்போது பின்மனைக்கு ஒரு பில்டர் வந்திருக்கிறார். மறுபடி அதே தூண் குழிகள். போன வாரம் என் மனைவி சாந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணி இருக்கும்போது சொல்லியிருக்கணும் நீங்க. இப்பவாவது வாயத் தொறங்க" என்றாள்.

திறந்துவிட்டேன். பில்டரை நிறுத்தச் சொன்னேன். "கையெழுத்துப் போடற நேரத்துல இன்னா சார் இது" என்று கோபித்துக்கொண்டு போனார். தொல்லியல் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். கண்டெடுத்தவர் நீதான் என்று எழுத ஆசையாக இருந்தது, கை கூசியது. கண்டவனும் நான், உடைத்தவனும் நான் என்றே எழுதினேன்.

திங்கட்கிழமை மனுவோடும் கிண்ணத்தோடும் நேரில் போகிறேன். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பின்மனையில் ஒரு கடப்பாரையும் இறங்காது, இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. பதினோரு ஊருக்கும் போவேன் என்று அளக்க மாட்டேன், நீ நம்ப மாட்டாய். ஆதிச்சநல்லூருக்கு மட்டும் உன் தாளை எடுத்துக்கொண்டு போவேன்.

அப்புறம் அக்கா, எருக்குழி பழைய வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. உனக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்தது.

உன் திட்டங்களில் இரண்டாவது ஆள்,
உன் தம்பி.